சவரியப்பன் பேரில் ஒரு பல்ப்

எனக்கு ஃபிரிட்ஜ் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. ஒரு மடக்கு குடித்தால் இரண்டு நாளைக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். கமிஷன் கடையில் எடை சொல்லும்போது வாத்து கத்துவதுபோல் இருக்கும், வியாபாரிகள் சிரிப்பார்கள். ஆகையால், 'ஃபிரிட்ஜ் ஆசையால் செய்தான்' என்று உங்கள் குறிப்பில் எங்காவது இருந்தால், மின்வாரிய ஏ.இ. சார், தயவுசெய்து அந்த வரியை அடித்துவிடுங்கள்.

ஒரு தாளைக் கொடுத்து, நடந்ததைக் கைப்பட எழுதிக் கொடு, அரைப் பக்கம் போதும் என்றீர்கள். எட்டாம் வகுப்பில் 'நான் ஒரு குடை' என்று எழுதச் சொன்னதற்குப் பதினோரு பக்கம் எழுதியவன் நான். வாத்தியார் மழை விட்டுவிட்டது, குடையை மடக்கு என்றார். அந்தக் குணம் இன்னும் போகவில்லை. மேற்கொண்டு வேண்டிய தாளை நானே வாங்கிக்கொண்டேன். இனிமேல் உங்கள் ஆபீஸுக்கு என்னால் ஒரு பைசா நட்டம் வரக்கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

என் பெயர் பீட்டர்ராஜ். வயது நாற்பத்திரண்டு. கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி போகிற ரோட்டில் மாதா கோயில் ஸ்டாப்பில் இறங்கி, திராட்சைத் தோட்டத்தை ஒட்டிய சந்தில் மூன்றாவது வீடு. காரை வீடு. கம்பத்தில் திராட்சைக் கமிஷன் கடையில் எடை போடுகிறேன். இருபது வருடமாகத் தராசைத் தொட்டு வாழ்கிறவன். ஒரு பெட்டிக்கும் நூறு கிராம் கூட்டிச் சொன்னதில்லை, குறைத்தும் சொன்னதில்லை. நீங்கள் விசாரித்துக்கொள்ளலாம்.

வீட்டில் நான், மனைவி இவாஞ்சலின், அப்பா சவரியப்பன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அம்மா இறந்து நாளாகிறது. அப்பா கொத்தனார். எங்கள் வீட்டின் ஒவ்வொரு கல்லும் அவர் வைத்தது. ஊரில் பாதி வீடும் மாதா கோயில் மணிக்கூண்டும்கூட அவர் கைவேலைதான். வேலையை விட்ட பிறகு கொல்லைப் பக்கத்து அறையில் ஒரு கட்டில், ஒரு ஃபேன், ஒரு ரேடியோ என்று இருந்தார். அந்தக் கட்டிலும் ரேடியோவும் ஃபேனும் இந்த விவகாரத்தில் பின்னால் வரும்.

இரண்டாயிரத்து மூன்றில் கரண்ட் கட்டணம் ஏறியது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்கு முந்தைய கிறிஸ்துமஸுக்குத்தான் வண்டிப்பெரியாறு எஸ்டேட்டில் வேலை பார்க்கும் என் மச்சான் ஆண்டனி ராஜ் தன் பழைய ஃபிரிட்ஜை ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். புதுசு வாங்கியிருக்காராம், இது தங்கச்சிக்காம். இவாஞ்சலின் அதற்கு மாலை போடாத குறை. நான் அதன் முதுகுப் பக்கம் போய் நின்று கேட்டேன். ஒரு பெரிய மிருகம் தூக்கத்தில் உறுமுவதுபோல் இருந்தது. பிறகு வாசலுக்கு வந்து மீட்டரைப் பார்த்தேன். சக்கரத்தில் இருக்கும் கறுப்புப் புள்ளி நாய் துரத்துவதுபோல் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு மாதத்துக்கு இருநூறு யூனிட்டைத் தாண்டினால் விலையே வேறு என்பது உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அந்த முறை அட்டையில் இருநூற்றுப் பதினான்கு என்று எழுதிவிட்டுப் போனார்கள். பதினான்கு யூனிட். எடைக்காரனுக்கு அது உறுத்தும். ஒரு கொத்தை எடுத்தால் முள் நடுவுக்கு வந்துவிடும் என்று தெரியும்போது, எந்தக் கொத்து என்பதுதானே கேள்வி.

ஆகவே வீட்டில் எல்லோரையும் எடை போட்டேன். ஒவ்வொன்றாகப் போட்டு அணைத்து, அந்தப் புள்ளி எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணினேன். மிக்ஸிக்குப் பதில் அம்மி. சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி கிடையாது. செம்பில் நெருப்பைப் போட்டுத் தேய்த்து ஞாயிறு பூசைக்குப் போனேன். முதுகில் செம்பளவுக்கு ஒரு வட்டம் கருகியிருந்தது, பூசை முடியும்வரை பின் பெஞ்சுக்காரர்கள் அதையே பார்த்தார்கள். டி.வி. பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக. மாதா படத்துக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்த ஜீரோ பல்பையும் கழற்றினேன்.

அப்பா அன்றைக்குச் சிலுவை போட்டுக்கொண்டு சொன்னார்: "ஏலே பீட்டரு, மாதாவையே இருட்டுல உக்கார வச்சிட்டியே. அடுத்தது யாருலே, நானா?"

நாங்கள் மூவரும் சிரித்தோம். எங்கள் வீட்டில் சிரிப்புக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செய்தும் அடுத்த முறை இருநூற்று ஆறு.

எங்கள் சந்தின் கடைசியில் சுருளியாண்டி இருக்கிறான். தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போகிறவன். கூரைக் குடிசை. ஒருநாள் ரீடிங் எடுக்கிறவர் அவன் வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போவதைப் பார்த்து, என்னடா விஷயம் என்று கேட்டேன்.

"எனக்கு ஏதுண்ணே மீட்டரு. குடிசை சர்வீசு. ஒத்த பல்ப்பு. கவருமெண்டு சும்மா குடுத்தது," என்றான்.

மீட்டரே இல்லையா என்று இன்னொரு தடவை கேட்டேன். இல்லை என்றான். மீட்டர் இல்லை என்றால் சுற்றுவதற்குப் புள்ளியும் இல்லை. அன்று சாப்பாடு இறங்கவில்லை. பயத்தினால் இல்லை, சந்தோஷத்தினால்.

எங்கள் கொல்லையில் நல்ல இடம் இருந்தது. மண் சுவர், தென்னங்கிடுகு கூரை. அப்பாதான் கட்டிக் கொடுத்தார். குடிசைதானே அப்பா, சும்மா எழுப்புங்கள் என்றால் கேட்கவில்லை. மண் சுவருக்குத் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார். கம்பம் பள்ளத்தாக்கில் அவ்வளவு நேரான மண் சுவர் வேறெங்கும் இருக்காது. சோதனைக்கு வந்த அன்று நீங்களே சுவரைத் தடவிப் பார்த்தீர்கள், நான் கவனித்தேன்.

ஆட்டைக் கட்டி வைத்துக் காட்டிவிடலாம் என்று முதலில் நினைத்தேன். ஆட்டுக்குச் சர்வீஸ் கிடையாது, ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு வேறு ஆதரவு இருக்கக்கூடாது, அதற்குச் சான்று வேண்டும் என்றார்கள். முறைதானே. நான் உட்கார்ந்து அப்பா பேரில் ஒரு மனு எழுதினேன். 'என் ஒரே மகன் என்னைக் கைவிட்டுவிட்டபடியால், வயோதிகத்தில் ஆதரவின்றி, ஒண்டிக் குடிசையில், வெளிச்சமுமின்றி வாடும் எனக்கு' என்று தொடங்கும். இரண்டு இடத்தில் நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எழுதும்போது எனக்கு அப்படித்தான் ஆகும்.

அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை தலையை ஆட்டிக் கேட்டார்.

"நல்லா எழுதியிருக்கலே. கேக்குற எனக்கே தொண்டைய அடைக்கிது. அந்த மகன் பய மட்டும் எங்கையில கெடைச்சான், கொத்துக்கரண்டியாலயே நாலு போட்டுருவேன்."

"கையெழுத்துப் போடுங்க அப்பா."

"எத்தன நாளைக்குலே அங்கன இருக்கணும்?"

"வந்து பாத்துட்டுப் போற வரைக்கும்தான். ரெண்டு நாளு."

"ரெண்டு நாளு தானே. பெத்து வளத்தாச்சு, ரெண்டு நாளு குடிசையிலயும் உக்காந்துட்டாப் போச்சு," என்று கையெழுத்துப் போட்டார். கிராமத்து அதிகாரி வந்தபோது அப்பா கிழிந்த பாயில் கால் நீட்டி உட்கார்ந்து, மேலே பார்த்துப் பெருமூச்சு விட்டார். அவ்வளவு நன்றாகச் செய்வார் என்று எனக்கே தெரியாது. ஏசுவின் பாடுகளை நடிக்கிற பாஸ்கா நாடகத்தில் முப்பது வருடம் பிலாத்துவின் வேலைக்காரனாகத் தண்ணீர்ச் செம்போடு நின்றவர், வசனமே கொடுத்ததில்லை.

சர்வீஸ் வந்தது. லைன்மேன் மலைச்சாமி வயரை இழுத்து ஒரு நாற்பது வாட் பல்பைப் போட்டுவிட்டு, "பெரியவரே, இனி இருட்டில்ல," என்று அப்பாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவருக்கு இதில் ஒரு சம்பந்தமும் கிடையாது. தயவுசெய்து அவரை விட்டுவிடுங்கள்.

அவர் சைக்கிள் ரோட்டைத் தாண்டியதும் நான் மண்வெட்டியை எடுத்தேன். குடிசையின் போர்டிலிருந்து கருவேப்பிலை மரத்தடி வழியாக, ஒரு முழ ஆழத்தில், நாற்பது அடி நீளத்துக்குப் பைப் பதித்து, அதற்குள் வயரை விட்டு எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். முதலில் ஃபிரிட்ஜ். அப்புறம் ஃபேன். ஆறு மாதம் கழித்துக் கிரைண்டர் வாங்கினோம், அதுவும். இதுதான் குற்றம். இதை நான்தான் செய்தேன். இந்தப் பத்தியை மட்டும் தனியாக எழுதித் தரக் கேட்டிருந்தீர்கள் என்றால் அரைப் பக்கத்தில் முடிந்திருக்கும்.

அந்த முறை அட்டையில் எழுபத்தொன்று. ரீடிங் எடுக்கிறவர் மீட்டரை விரலால் தட்டிப் பார்த்தார். சிக்கனம் சார் என்றேன்.

இரண்டு நாள் ஆனதும் அப்பா பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தார். நான் வாசலில் நின்று விளக்கினேன். ஸ்குவாடு என்று ஒன்று இருக்கிறது; சொல்லாமல் வருவார்கள்; வருகிற நேரத்தில் குடிசையில் ஆள் இல்லையென்றால் வயரை அறுப்பதோடு, மனுவில் பொய் சொன்னதற்குக் கையெழுத்துப் போட்டவரைத்தான் பிடிப்பார்கள். ஆகவே அவருடைய பாதுகாப்புக்காகத்தான் சொன்னேன். ஒருதடவை வந்துவிட்டுப் போகட்டும் என்றேன். அப்பா பாயை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். "அதுஞ்சரிதான்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீங்கள் வந்து சேர ஆறு வருடம் ஆயிற்று. தாமதத்துக்கு நான் உங்களைக் குறை சொல்லவில்லை. உங்களுக்கு ஆண்டிபட்டி வரைக்கும் பார்க்க வேண்டியிருக்கும்.

இந்த ஆறு வருடத்தில் சில சில்லறை மாறுதல்கள் செய்ய வேண்டியிருந்தது. குடிசைக்கு வந்த வயர் மெல்லிசு. ஃபிரிட்ஜும் பல்பும் ஒன்றாக இழுத்தால் சில நேரம் பீஸ் போய்விடும். இரண்டில் ஒன்று என்று ஆனபோது, நியாயமாக யோசித்தேன். ஃபிரிட்ஜுக்குள் கறி கெட்டுப்போகும். குடிசைக்குள் கெட்டுப்போக எதுவும் இல்லை. அப்பா படிக்கிற வழக்கமும் இல்லாதவர். பல்பைக் கழற்றி எடுத்து வைத்தேன். ரேஷன் மண்ணெண்ணெயில் ஒரு சிமினி விளக்கு கொடுத்தேன். இருட்டில் இருக்கக்கூடாது என்பதில் எனக்குக் கவனம் உண்டு.

ஏழை என்றால் பார்வைக்கும் ஏழையாக இருக்க வேண்டும். கைக்கடிகாரத்தை நான் வாங்கிப் பத்திரப்படுத்தினேன். குடிசைக்கு அவர் கொண்டுபோயிருந்த கட்டிலைத் திரும்ப வீட்டுக்குள் இழுத்துப் போட்டேன். ரேடியோவை விற்றேன், பாட்டுச் சத்தம் கேட்டால் யார் நம்புவார்கள். வெள்ளைச் சட்டைகள் இரண்டை நான் போட்டுக்கொண்டேன். சும்மா கிடந்தால் மக்கிப்போகும்.

சோறு விஷயம் கொஞ்சம் சிக்கல். எங்கள் வீட்டிலிருந்து தட்டு போவதை நாலு பேர் பார்த்தால், மகன் சோறு போடுகிறான், அப்புறம் எப்படி ஆதரவற்றவர் என்ற கேள்வி வரும். முதலில் இவாஞ்சலின் தூக்குச்சட்டியை முந்தானையில் மறைத்துக் கொண்டுபோவாள். பிறகு குடிசையில் புகை வந்தால்தான் தனிக் குடும்பம் என்று நம்புவார்கள் என்று எனக்குத் தோன்றி, மூன்று கல்லும் ஒரு சட்டியும் கொடுத்தோம். அப்பாவுக்குச் சமைக்கத் தெரியாது. குழைத்தும் தீய்த்தும் எதையோ தின்றுகொண்டிருந்தார். சுருளியாண்டியின் சம்சாரம் பார்க்கச் சகிக்காமல் மத்தியானம் ஒரு கும்பா கஞ்சி கொண்டுவந்து வைக்கத் தொடங்கினாள். அப்புறம் இன்னும் இரண்டு வீடு. இதை நான் யாரிடமும் கேட்கவில்லை. தானாக அமைந்தது. எங்கள் அரிசிச் செலவு குறைந்ததும் அப்படித்தான், தானாக.

ஒருநாள் அந்தப் பெண் என் வாசலில் வந்து நின்று கேட்டாள்.

"ஏண்ணே, ஊருல பாதி வீட்டக் கட்டுன மனுசன். அவுக ராத்திரி இருமுறது எங்க வீட்டுக்குக் கேக்குது. ஒங்களுக்குக் கேக்கலையா?"

ஃபிரிட்ஜ் சத்தத்தில் கேட்பதில்லை என்பதுதான் உண்மை. அதைச் சொல்ல முடியாதே. "எங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும்மா," என்றேன்.

அவள் கீழே துப்பிவிட்டுப் போனாள். பார்த்தீர்களா சார், என் நிலைமையை. கரண்ட் திருடன் என்ற பெயர் வராமல் இருக்க, பெற்றவரை விரட்டிய பாவி என்ற பெயரை நான் சுமக்க வேண்டியிருந்தது. உண்மையைச் சொல்லி என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள எனக்கு வழியே இல்லை. இந்தக் குடும்பத்துக்காக நான் எவ்வளவு தாங்கினேன் என்று எழுதினால் இந்தத் தாள் போதாது.

எங்கள் தெருக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்தில், கிறிஸ்துமஸுக்குக் கம்பளி கொடுக்க ஊரிலேயே திக்கற்றவர் யார் என்று மாதா கோயில் பங்குச்சாமி கேட்டார். எல்லோரும் ஒரே குரலில், "சவரியப்பன்," என்றார்கள். யாராவது வழிமொழிய வேண்டும் என்றார். கூட்டமே என்னைத் திரும்பிப் பார்த்தது. கை தூக்காவிட்டால் சந்தேகம் வரும். தூக்கினேன். சாமி கொஞ்ச நேரம் பேனாவை மூடாமலே வைத்திருந்தார்.

அதற்கடுத்த பெரிய வியாழன் பூசையில், ஏசு சீடர்களுக்குச் செய்த நினைவாகப் பாதம் கழுவ எடுத்த பன்னிரண்டு ஏழைகளில் அப்பா மூன்றாவது நாற்காலி. அவர் கட்டிய மணிக்கூண்டின் நேர் கீழே. சாமி மண்டியிட்டுத் தண்ணீர் ஊற்றித் துடைத்து, அந்தக் காலில் முத்தம் கொடுத்தார். குதிகால் பாளம் பாளமாக வெடித்திருந்தது. துடைக்கும்போது துண்டு மாட்டிக்கொண்டது. அப்பா என்னைப் பார்த்து ஒரு கண்ணை மட்டும் மூடித் திறந்தார். அந்தக் கண் ஜாடையை வேறு யாரும் பார்க்கவில்லை. எங்களுக்குள் ஒரு மனத்தாங்கலும் இல்லை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்.

வெளியே வரும்போது பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "கால நல்லாக் கழுவி விட்டாகலே. குடிசைக்குப் போனாத் திரும்பச் சேறுதான். இன்னிக்கி ஒருநா மட்டும் உள்ள படுத்துக்கிடட்டுமா?"

அந்த வாரம் ஸ்குவாடு உத்தமபாளையத்தில் நிற்பதாகப் பேச்சு. அதைச் சொன்னேன். சரி என்றார்.

மழைக்காலத்தில் கிடுகு ஒழுகும். ஒவ்வொரு ஐப்பசிக்கும் அப்பா ஒருதடவை கேட்பார். ஒரு தடவைதான் கேட்பார். நச்சரிக்கிற சுபாவம் கிடையாது. இவாஞ்சலினும் ஒருமுறை கேட்டாள்.

"மாமாவ உள்ள கூப்புடுவமுங்க. பாவம், பனியில கெடக்காக."

"கூப்புடுவோம். அப்ப லைன எடுத்துரணும். ஃபிரிட்ஜு, கிரைண்டரு எல்லாம் மீட்டருக்கு வரும். நீ சொல்லு, எடுத்துரவா?"

அவள் கிரைண்டரைப் பார்த்தாள். அவளுக்கும் விருப்பமில்லை என்று எடுத்துக்கொண்டேன். பிறகு அடுப்படிக்குள் போய் வெகுநேரம் வெங்காயம் நறுக்கினாள். அன்று வெங்காயக் குழம்பு இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூமிக்கடியில் வந்த பைப் வீட்டுக்குள் ஏறுகிற இடம் அப்பாவின் அறையாகப் போய்விட்டது. ஆகவே ஃபிரிட்ஜை அங்கேதான் வைக்க முடிந்தது, கிரைண்டரையும். ஃபிரிட்ஜுக்கு முதுகுப்பக்கம் காற்று வேண்டும் என்று மச்சான் சொல்லியிருந்தார். அப்பாவின் ஃபேன் அங்கேயே இருந்ததால் அது வசதியாக இருந்தது. அறையைப் பிடுங்க வேண்டும் என்று நான் திட்டமிட்டேன் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். பைப் வந்த வழி அது.

இனி நீங்கள் வந்த நாள். மார்கழி முதல் வாரம், காலை பத்து மணி. உங்களுக்குத் தெரிந்ததுதான்; ஆனாலும் நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டதை எழுதிவிடுகிறேன்.

நீங்கள் குடிசைக்குள் குனிந்து நுழைந்து, யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டீர்கள்.

"நான் ஒத்தாளு சார். எனக்குன்னு யாரும் கெடையாது," என்றார் அப்பா.

மகன், மகள் என்று கேட்டீர்கள்.

"ஒருத்தன் இருந்தான் சார். நல்ல பய. இப்ப இல்ல."

ஆறு வருடப் பழக்கத்தில் நடிப்பு அவ்வளவு தேறியிருந்தது. எனக்கே ஒரு நிமிடம், யாரைச் சொல்கிறார், யார் செத்தது என்று திக்கென்றது.

அப்போதுதான் நீங்கள் மேலே பார்த்து, ஹோல்டரில் பல்ப் இல்லாததைக் கண்டீர்கள். உங்கள் குரல் மாறிவிட்டது. "சர்வீஸ் இருந்தும் இருட்டிலயா பெரியவரே கிடக்கறீங்க? ஒரு பல்ப் வாங்க முடியலையா?" என்று கேட்டீர்கள். உங்கள் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்து, டிரைவரைக் கடைக்கு அனுப்பிப் பல்ப் வாங்கிவந்து நீங்களே மாட்டினீர்கள். சார், உண்மையைச் சொல்கிறேன், நீங்கள் பல்ப் வாங்கிக் கொடுக்காமல் போயிருந்தால் இன்றைக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. ஏழைகளிடம் இரக்கம் காட்டுவது நல்ல குணம்தான். ஆனால் அதனால் யார் யாருக்கு என்ன கஷ்டம் வருகிறது என்பதையும் யோசிக்க வேண்டும்.

பல்ப் எரிந்தது. அப்பா கையைத் தட்டினாராம், நீங்கள்தான் பிறகு சொன்னீர்கள். அந்த நேரம் பார்த்து, நீங்கள் வந்திருப்பது தெரியாத இவாஞ்சலின் உள்ளே மாவாட்டக் கிரைண்டரைப் போட்டாள். குடிசைக்குள் பல்ப் சுருங்கிச் சிவந்தது. அவள் மாவைத் தள்ளிவிட நிறுத்தினாள், பிரகாசமாக எரிந்தது. மறுபடி போட்டாள், மறுபடி சுருங்கியது. மூன்றாவது தடவை நீங்கள் குடிசையைவிட்டு வெளியே வந்து, தலையைச் சாய்த்து, எங்கள் வீட்டுக் கிரைண்டர் சத்தத்தைக் கேட்டீர்கள். பிறகு கருவேப்பிலை மரத்தடியைப் பார்த்தீர்கள். அங்கே மட்டும் ஆறு வருடமாக மண் மேடாக இருந்தது. அதைச் சமன்படுத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

உங்கள் ஆட்கள் தோண்டும்போது அப்பா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாந்தான் சார் வயர இழுத்துக் குடுத்தேன். அவுகளுக்கு ஒண்ணுமே தெரியாது. அங்கன உள்ளவுக நல்லவுக சார். நாந்தான்... சும்மா இருக்கேன்னு, அவுகளாவது நல்லாருக்கட்டும்னு இழுத்துக் குடுத்துட்டேன். என்னையக் கூட்டிட்டுப் போங்க."

சர்வீஸ் அவர் பேரில் இருக்கிறது. மனுவில் கையெழுத்து அவருடையது. நான் தனிக் குடும்பம் என்பதற்கு அரசாங்கச் சான்றே இருக்கிறது. சட்டப்படி நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், எழுபத்தைந்து வயதுக் கொத்தனாரை ஜீப்பில் ஏற்றியிருப்பீர்கள். ஒரு நிமிடம் நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஒரு நிமிடம் என்றால் சரியாக ஒரு நிமிடம் இல்லை. அவரை ஜீப்புக்கு அழைத்துப் போய், படி உயரமாக இருக்கிறதே என்று நீங்கள் அவர் இடுப்பைப் பிடித்துத் தூக்கும்வரை. அதன்பிறகு சொல்லிவிட்டேன். நீங்கள் அவரை இறக்கிவிட்டு, என் கையில் தாளைக் கொடுத்தீர்கள். அப்படிச் சொன்னதை உங்கள் மேலதிகாரிகள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். எல்லோரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நீங்கள் போகும்போது, இனி அப்பா எங்கே படுப்பார் என்று கேட்டீர்கள். அது மின்சாரச் சட்டத்தில் வராது. இருந்தாலும் பதில் எழுதுகிறேன். ஜீப் போனதும் நானே குடிசைக்குப் போனேன். உங்கள் ஆட்கள் லைனை அறுத்திருந்தார்கள். அப்பா நீங்கள் வாங்கிக் கொடுத்த பல்பைக் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அப்பா, உள்ள வாங்க. இனி ஸ்குவாடும் இல்ல, ஒண்ணுமில்ல," என்றேன்.

"எங்கனலே படுக்க?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். அவர் அறையில் ஃபிரிட்ஜ் இருக்கிறது. அடுப்படியில் வைத்தால் அதன் கதவு திறக்காது. ஹாலில் பிளக் இல்லை. நான் இப்படி மனதுக்குள் ஃபிரிட்ஜை ஒவ்வொரு இடமாக நகர்த்திக்கொண்டிருந்ததை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சரி விடுலே. இனி எல்லாம் மீட்டருக்குல்ல வரும். நானும் உள்ள வந்தா, எனக்கு ஒரு ஃபேனு, ஒரு லைட்டுன்னு யூனிட்டு ஏறும்ல. இங்கனயே கெடக்கேன். எனக்குப் பழகிருச்சு," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்பில் குற்றம் சாட்டுகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று நன்றாகப் பார்த்தேன். இல்லை. அவர் விருப்பப்பட்டுச் சொல்கிறபோது நான் குறுக்கே நிற்பது மரியாதை இல்லை. கிறிஸ்துமஸ் போகட்டும், தை பிறந்ததும் ஒரு வழி பண்ணலாம் என்று இருக்கிறேன்.

மேலே கண்டவை அனைத்தும் உண்மை. கரண்டைத் திருடியது நான். நான் ஒருவன்தான் குற்றவாளி. இதைச் சுயநினைவோடு எழுதியிருக்கிறேன்.

கீழே சாட்சிக் கையெழுத்து ஒன்று வேண்டும், ஆனால் குடும்பத்தார் போடக்கூடாது, வேறு குடும்பமாக இருக்க வேண்டும் என்றீர்கள். சந்தில் யாரும் எனக்குப் போட்டுத்தரச் சம்மதிக்கவில்லை. அப்பாதான் போட்டிருக்கிறார். ரேஷன் கார்டுப்படி அவர் வேறு குடும்பம், சரிபார்த்துக்கொள்ளலாம். கையெழுத்து கோணிப்போய், கடைசி எழுத்து தாளைவிட்டு ஓடியிருப்பதைப் பார்த்து நான் அவரை மிரட்டி வாங்கினேன் என்று எண்ணிவிட வேண்டாம். விடியற்காலை கொல்லையில் வைத்து வாங்கினேன், கை நடுங்கியது குளிரினால்தான்.